கதவு திறந்தே கிடந்தது

அமெரிக்க எழுத்தாளர் லாங்ஸ்டன் ஹியூஸின் ‘தேங்க் யூ, மேம்’ 1958இல் வெளியான சிறுகதை. இரவு 11 மணிக்குத் தனியே நடந்துபோகும் ஒரு பெண்ணின் கைப்பையை ரொஜர் என்ற பையன் பின்னாலிருந்து இழுக்கிறான். அவனுக்கு 14, 15 வயதுதான் இருக்கும். வார் அறுந்து, தடுமாறி அவனே மல்லாக்க விழுகிறான். அந்தப் பெண், மிஸிஸ் ஜோன்ஸ், ஓர் உதை கொடுத்து, பிடித்த பிடியை விடாமல் தன் அறைக்கு இழுத்துப்போய் முகம் கழுவச் சொல்கிறார்.

ரொஜர் ஏன் திருட வந்தான் என்று வகுப்பில் கேட்டபோது பலரும் சொன்ன விடை வறுமை. வீட்டில் கவனிக்க ஆளில்லை, அதனால் கெட்டுப்போனான் என்றார்கள் சிலர். எனக்குச் சுருக்கென்றது. வாப்பா மௌத்தாகி ஆறு வருடம். தையல் வேலைக்குப் போகும் உம்மா மஃரிபுக்குப் பிறகுதான் வருவார். அதுவரை வீட்டில் நானும் தம்பியும்தான். ஆளில்லாத வீட்டுப் பிள்ளை திருடும் என்றால் எங்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரொஜருக்குப் பசி இருந்தது உண்மை. ஆனால் சாப்பாட்டுக்காக அவன் பையை இழுக்கவில்லை. நீல நிற சுவேட் சப்பாத்து வேண்டும் என்றுதான் இழுத்தான். பசி என்றால் இரக்கப்படுகிறோம். சப்பாத்து என்றதும் முகம் சுளிக்கிறோம். ஏழைப் பிள்ளைக்கு அழகான பொருளில் ஆசை வரக்கூடாதா? மிஸிஸ் ஜோன்ஸ் அந்த ஆசையைக் குற்றமாகப் பார்க்கவில்லை. தானும் இளமையில் கிடைக்காதவற்றுக்கு ஆசைப்பட்டதாக, வெளியே சொல்ல முடியாத காரியங்கள் செய்ததாக அவனிடம் சொல்கிறார்.

பிறகு திரைக்குப் பின்னால் சமைக்கப் போகிறார். (பன்றி இறைச்சிதான், அதை விட்டுவிடுவோம்.) கதவு திறந்தே கிடக்கிறது. கைப்பை கட்டிலில். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ரொஜர் ஓடவில்லை. பையிலிருந்து தூர, அவர் கடைக்கண்ணுக்குத் தெரியக்கூடிய இடமாகப் பார்த்து உட்காருகிறான். சற்றுமுன் இருந்த வறுமை அப்போதும் இருந்தது. அவன் வீட்டில் ஆளில்லாததும் அப்படியே. பயம் மட்டும் இருந்திருந்தால் ஓடியிருப்பான். தன்னை நம்பியவரின் கண்ணுக்குத் திருடனாகத் தெரிய அவனுக்கு மனமில்லை.

சாப்பாடு முடிந்ததும் சப்பாத்து வாங்க 10 டொலர் கொடுக்கிறார். ஹோட்டல் சலூனில் இரவுவரை வேலை செய்பவருக்கு அது சின்னக் காசல்ல.

ரொஜர் சப்பாத்து வாங்கினானா என்று கதையில் இல்லை. வாங்கியிருப்பான் என்கிறான் தம்பி. உம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த அறுந்த வாரை யாரு தச்சிக் குடுத்த?” என்றார்.