தை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

திருச்சி,
ஐப்பசி 5

அன்புள்ள தம்பி சரவணனுக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தால் "சரிக்கா, பாத்துக்கிறேங்க்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் கடைக்கு யாராவது பெயின்ட் வாங்க வந்துவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம். இதைக் கடையில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 114, மூன்று மாத சுகர் 6.2. லேபில் தினமும் இந்த மாதிரி எண்களை எழுதிக் கொடுக்கிறவள்தான் நான். ஆனாலும் உன் பெயருக்கு நேராகப் பார்த்தபோது மனசு அடித்துக்கொண்டது. மூன்று மாத சுகர் 5.7க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நீ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறாய். "நடங்க, சாப்பாட்டைப் பாத்துக்கோங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் அனுப்பியிருக்கிறார். மாத்திரை எழுதவில்லை என்பதால் அம்மாவிடம் "ஒண்ணுமில்லையாம்" என்று சொல்லிவிட்டாய். தம்பி, அவர் உனக்குக் கொடுத்த வைத்தியமே அந்த நடைதான்.

நீ சொல்லும் காரணங்களைச் சாக்கு என்று நான் ஒதுக்கமாட்டேன். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்து இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்குகிறவனுக்கு நேரமில்லை என்பது நிஜம். முட்டி வலி நிஜம். விடியற்காலையில் தெருமுனையில் நாய்கள் கூட்டமாக நிற்பதும் நிஜம்தான். அவற்றை வைத்து நடக்காமல் இருப்பதா, இல்லை, எங்கே, எப்போது, எவ்வளவு நடப்பது என்று முடிவு செய்வதா என்பதுதான் கேள்வி. அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

முதலில் நேரம். ஒரு மணி நேரம் மொத்தமாகக் கிடைத்தால்தான் நடை என்று நினைக்கிறாய். உலக சுகாதார நிறுவனமே, பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்ததை 2020இல் எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடம் வேண்டும், அதை எப்படிப் பிரித்துச் செய்தாலும் சேரும். உனக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கூட்டம் குறைவு. அப்போது நாற்காலியிலேயே கண் அசந்துவிடுவாய் என்று உன் வீட்டுக்காரி மீனா சொல்கிறாள். மதுரை வெயிலில் இரண்டரை மணிக்கு வெளியே போகச் சொல்லவில்லை. பின்னால் நீளமாகக் குடோன் இருக்கிறதே, டின்களுக்கு நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்து நிமிடம் நட. இரவு கடையை அடைத்துவிட்டு வந்ததும் மொட்டைமாடியில் இன்னொரு பதினைந்து நிமிடம். சாப்பிட்டதும் நடந்தால் காலின் தசைகள் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை அப்போதே எடுத்துச் செலவழிக்கும். அதற்கு இன்சுலினைக்கூட அவ்வளவாக எதிர்பார்க்காது. அதனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய பத்து நிமிடத்துக்கு மதிப்பு அதிகம். மாடியில் நாயும் இல்லை. மழை பெய்தால் ஹாலிலேயே நடக்கலாம், பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

தெப்பக்குளம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீனாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு சுற்று போய்விட்டு வா. அவளுக்கும் நடக்க ஆசைதான், தனியாகப் போகத் தயங்குகிறாள். உன்னிடம் சொல்லாததை என்னிடம் சொன்னாள்.

இரவுச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லப்போகிறேன், கோபப்படாதே. கடையை அடைத்துவிட்டு, பசி காதை அடைக்க, பத்து மணிக்கு நான்கு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, பத்தரைக்குப் படுக்கிறாய். அந்த நேரத்துக்குப் பரோட்டா கேட்பது உன் நாக்கு இல்லை, மதியம் முதல் டீயிலேயே ஓடிய வயிறு. ஏழரை மணிக்குப் பையனை அனுப்பி வீட்டிலிருந்து டிபன் கேரியரை வரவழைத்துவிடு. மூன்று இட்லி, சாம்பார், ஒரு கிண்ணம் நிறைய பொரியல். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அப்பாவும் அப்படித்தான் சாப்பிட்டார். வயிறு நிறைந்திருந்தால் பரோட்டாக் கடையைத் தாண்டிப் போவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. பரோட்டாவை அடியோடு விடவும் சொல்லவில்லை. என்றாவது ஒருநாள் பிள்ளைகளோடு போய் இரண்டு சாப்பிடு.

டீயையும் கணக்குப் போட்டுப் பார். ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ வருகிறது. எடுத்த எடுப்பில் சீனியில்லாத டீ குடிக்கச் சொன்னால் நீ கேட்கமாட்டாய். டீக்கடைக்காரரிடம் அரைச் சீனி என்று சொல்லிவை. ஐந்தை மூன்றாக்கு. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

"எனக்காக மீனா தனியாகச் சமைக்கணும், அவளுக்கு வேலை கூடும்" என்றாய். நல்ல மனசுதான், ஆனால் தனிச் சமையலே தேவையில்லை. அதே சாம்பார், அதே பொரியல், அதே சோறு. தட்டில் வைக்கிற அளவுதான் மாற வேண்டும். பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, பிறகு சோற்றுக்கு வா. வழக்கமாகப் போடுவதில் ஒரு கரண்டி குறையட்டும். வரகு, தினை, ஓட்ஸ் என்று விலை கொடுத்து வாங்கி அடுக்க வேண்டாம். சிறுதானியம் நல்லதுதான், ஆனால் அளவு பார்க்காமல் சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையைத்தான் ஏற்றும்.

முட்டி வலிக்கு ஒரு தடவை எலும்பு டாக்டரிடம் காட்டிவிடு. தள்ளிப்போடாதே. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதால் முட்டிக்கு ஒரு நன்மையும் இல்லை.

நீ சொன்னதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒன்றுதான். "அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வரத்தான் செய்யும், விடுக்கா." அப்பாவுக்கு எப்போது தெரிந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது சின்னப் பையன். கட்டைவிரல் ஓரத்தில் செருப்புக் கடித்த புண், மாதக்கணக்கில் ஆறவில்லை. அதற்காகப் போனபோதுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே சுகர் ஏறியிருக்க வேண்டும். மஞ்சள் பிடித்த பஞ்சையும் துணியையும் தினமும் மாற்றிக் கட்டியது அம்மாவும் நானும். துணி ஒட்டிக்கொண்டு வரும்போது எங்களுக்குத்தான் உடம்பு கூசும். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். காலில் உணர்ச்சியே போயிருந்தது. எல்லைக்கோட்டில் இருக்கிறாய் என்று அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பரம்பரை அப்பாவுக்கும் உனக்கும் ஒன்றுதான், ஆனால் நீ நிற்கிற இடம் வேறு.

நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். உன்னைப் போல எல்லைக்கோட்டில் இருந்த 531 பேர், சராசரி வயது 46. பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று வருடத்துக்குள் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய 40 சதவீதம்தான். அதாவது, தினமும் அரை மணி நேர நடையும் கொஞ்சம் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் ஒரு மாத்திரைக்குச் சமமாக வேலை செய்திருக்கிறது. நடந்தவர்களிலும் சிலருக்கு வரத்தான் செய்தது, அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். ஆனால் வராமல் தப்பித்தவர்கள் வேறு ரத்தம் இல்லை, நம்மைப் போல இட்லியும் சோறும் சாப்பிடுகிற ஜனங்கள்.

தீபாவளி முடியட்டும் என்றாய். அது முடிந்தால் கார்த்திகை முகூர்த்தங்கள். மார்கழியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வியாபாரம், உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தை பிறந்தால் டாக்டர் சொன்ன மூன்று மாதமும் முடிந்திருக்கும். பலகாரம் இருக்கிற வீட்டிலேயே ஆரம்பித்துவிடு. தீபாவளியன்று அதிரசம் ஒன்று சாப்பிடு, சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போ.

நடுவில் விட்டுப்போகும். போன தடவை ஷூ வாங்கி நடந்தாய், மழை வந்தது, நடை நின்றது, ஷூ பரண் ஏறியது. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பழக்கம் படிய சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று தெரிந்தது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதகம் வரவில்லை. அதனால் நேற்று நடக்கவில்லை என்பதை இன்று நடக்காததற்குக் காரணமாகச் சொல்லாதே.

சென்னை ஆய்வில் அந்த நடைக் குழுவினரை மாதாமாதம் போனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் உன்னைத் தினமும் இரவு கூப்பிடப் போகிறேன். நீ மாடியில் நடந்துகொண்டே பேச வேண்டும், நான் இங்கே வராந்தாவில் நடந்துகொண்டே பேசுவேன். பேச விஷயமா இல்லை? அம்மாவின் கண் ஆபரேஷன் பற்றியே நாம் இன்னும் முடிவு செய்யவில்லை. திங்கட்கிழமையிலிருந்து, ஒன்பதே முக்காலுக்கு. கடையை அடைத்ததும் நேராக வீட்டுக்கு வா. அந்த ரிப்போர்ட்டை மீனாவிடமும் காட்டு, அவளிடம் மறைத்துவைக்காதே.

பிள்ளைகளுக்கு என் முத்தம். அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்த்து வாங்கிக் கொடு.

அன்புடன்,
அக்கா