இன்னொரு கேன் பால் சொல்லட்டுமா?

ஒரு குட்டிக் கணக்கு. பேப்பர், பேனா எல்லாம் வேணாம், அப்படியே வாங்க.

உங்க கையில ரெண்டு சீட்டு. ஆட்டின் ஏஸ், ஆட்டின் ஒன்பது. நடுவுல எல்லோருக்கும் பொதுவா மூணு சீட்டைத் திறந்து வைக்கிறாங்க. ஆட்டின் ராஜா, ஆட்டின் நாலு, கிளாவர் ஏழு. போக்கர்ல இந்த மூணு சீட்டுக்குப் பேருதான் 'ஃப்ளாப்'. (படம் ஊத்திக்கிட்டா சொல்வோமே, அந்த ஃப்ளாப் இல்லீங்க!) இன்னும் ரெண்டு சீட்டு, ஒண்ணு ஒண்ணா வரப்போகுது. அதுல ஒரே ஒரு ஆட்டின் விழுந்தாக்கூட அஞ்சு ஆட்டின் சேர்ந்துடும். செம கை!

பானையில ஏற்கெனவே 400 ரூபாய் கிடக்குது. எதிராளி இன்னொரு 200 போட்டுட்டு உங்களையே பார்க்கிறான். நீங்களும் 200 போட்டு 'கால்' பண்ணுவீங்களா? இல்லை, '600' என்று ஏத்திவிட்டு 'ரெய்ஸ்' பண்ணுவீங்களா? இல்லை, சீட்டைக் கவிழ்த்துட்டு எழுந்துடுவீங்களா?

யோசிச்சுட்டே இருங்க. அதுக்குள்ள அந்த ராத்திரி நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்னு சொல்லிடறேன்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில, குபேர லிங்கத்துக்குப் பக்கத்துல எங்க அப்பாவோட டீக்கடை. மற்ற நாள்ல சுமாராத்தான் ஓடும். பௌர்ணமி வந்தா போதும்... 14 கிலோமீட்டர் பாதை முழுக்க மனுஷத் தலையாத்தான் தெரியும். அன்னிக்கு ராத்திரி நான்தான் கிளாஸ் கழுவணும். அது 2025 ஏப்ரல் பௌர்ணமி. நான் கிளாஸ் கழுவலை. கடைக்குப் பின்னாடி, காலி பால் டிரேயைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மொபைல்ல போக்கர் ஆடிட்டு இருந்தேன்.

மணி 11.40. நள்ளிரவு 12 மணியில இருந்து காலை 5 மணி வரைக்கும் பணம் கட்டி ஆடக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல அந்த வருஷம் பிப்ரவரியிலதான் விதி வந்திருந்தது. 'இன்னும் இருபதே நிமிஷம்'னு மனசு பறக்குது. அக்கவுன்ட்ல இருந்தது 2,400 ரூபாய். செமஸ்டர் பரீட்சை ஃபீஸுக்காக அப்பா காலையிலதான் போட்டுவிட்டிருந்தார்.

இப்போ கணக்குக்கு வருவோம். மொத்தம் 52 சீட்டு. உங்களுக்குத் தெரிஞ்சது அஞ்சு. தெரியாதது 47. மொத்தம் 13 ஆட்டின்ல நாலு வெளியே வந்தாச்சு, மிச்சம் ஒன்பது. ஆக, அடுத்த சீட்டு ஆட்டினா இருக்க 47-க்கு 9 வாய்ப்பு. கிட்டத்தட்ட 19 சதவிகிதம். கடைசி வரைக்கும் ரெண்டு சீட்டையும் பார்த்தா 35 சதவிகிதம். மனக்கணக்காப் போடணும்னா, ஒரு சீட்டுக்கு ரெண்டால பெருக்கு, ரெண்டு சீட்டுக்கு நாலால பெருக்கு. ஏறக்குறைய சரியா வரும்.

சரி, இந்தச் சீட்டுக்கு விலை எவ்வளவு? 200 போட்டா பானையில மொத்தம் 800. எண்ணூறுல இருநூறுன்னா 25 சதவிகிதம். கையில இருக்கறது 19 சதவிகித சரக்கு, கேட்கிற விலை 25. கார்டு விழுந்த பிறகு அவன் இன்னும் பணம் போடுவான்னு நம்பினாத்தான் 'கால்' பண்றதுல அர்த்தம் இருக்கு.

அப்போ 'ரெய்ஸ்'? அதுல ஒரு வசதி உண்டு. ஜெயிக்க ரெண்டு வழி. கார்டு விழலாம், இல்லைன்னா அவன் பயந்து சீட்டைக் கவிழ்க்கலாம். ஆனா அவன் கவிழ்க்கிற ஆளான்னு தெரிஞ்சிருக்கணும். எதுக்கும் அசராதவன்கிட்ட ஏத்தினா, நம்ம பணம்தான் கூடுதலாப் போகும். நேர்ல உட்கார்ந்து புளியங்கொட்டை வெச்சு ஆடினா மூஞ்சியையாவது பார்க்கலாம். கேன்டீன்ல ஃப்ரெண்ட்ஸோட நான் கத்துக்கிட்டது அப்படித்தான். மொபைல்ல ஒரு பொம்மைப் படமும் ஒரு புனைபெயரும்தான் தெரியும்.

இவ்வளவும் எனக்கு அப்பவே தெரியும் பாஸ். பிராபபிலிட்டி பேப்பர்ல நான்தான் கிளாஸ் ஃபர்ஸ்ட்!

தெரிஞ்சும் 'கால்' பண்ணேன். ஏன்? பானையில இருந்த 400-ல 200 என்னோடதாச்சே! அதை எப்படி விடறது?

அடுத்த சீட்டு டைமன். ஊத்திக்கிச்சு. அவன் 600 போட்டான். இப்போ பானையில சேரப்போறது 2,000. நான் போட வேண்டியது 600. விலை 30 சதவிகிதம், என் வாய்ப்பு இன்னமும் 20-ஐத் தாண்டலை. மறுபடியும் 'கால்'. ஏன்? இப்போ பானையில என் பணம் 400 ஆச்சே! கடைசி சீட்டு இஸ்பேட். மொத்தம் ஆயிரம் காலி. மீதி 1,400? 'விட்டதைப் பிடிக்கிறேன்'னு அடுத்த பத்து நிமிஷத்துல அதையும் விட்டேன். எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துல தருமர் சூதாடுற ராத்திரி வந்தா, 'ஐயோ, இந்த ஆளு எழுந்து போகக் கூடாதா?'னு ஆயாங்க எல்லாம் புலம்பும். சின்ன வயசுல நானும் கூடவே புலம்பியிருக்கேன்.

விடிகாலை நாலு மணிக்கு கூட்டம் அடங்கிச்சு. அப்பா மீந்த பாலை எட்டிப் பார்த்தார். அன்னிக்குக் கடைசியா வாங்கின கேன்ல பாதி அப்படியே இருந்தது. நான் அழுதுட்டே விஷயத்தைச் சொன்னேன். அடிப்பார்னு நினைச்சேன். கல்லாப்பெட்டியைத் திறந்து பத்தும் இருபதுமா எண்ண ஆரம்பிச்சார். ஒவ்வொரு நோட்டும் எத்தனை டீன்னு எனக்குத் தெரியும். அதுக்கு அடியே பரவாயில்லை.

எண்ணி முடிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார். "முதல்ல கொஞ்சம் போச்சுல்ல, அப்பவே எழுந்திருக்க வேண்டியதுதானே?"

"போன பணத்தை எடுக்கலாம்னுதான்ப்பா..."

அப்பா பால் கேனைக் காட்டினார். "இந்தா, இதுல பாதி மீந்து போச்சு. அதுக்குன்னு நஷ்டத்தை எடுக்க இன்னொரு கேன் வாங்கினா நான் இன்னா ஆளு? போன பால் போச்சுடா. இனிமே எத்தினி பேரு வருவாங்கன்னுதான் பார்க்கணும்."

பத்தாவது தாண்டாத மனுஷன். நான் புக்குல படிச்ச மொத்தக் கணக்கும் ஒரு பால் கேன்ல அடங்கிப் போச்சு. பானைக்குள்ள போன 200 என்னோடது இல்லை. அது யாரோ ஜெயிக்கப் போற பணம். நான் பார்க்க வேண்டியது இனி போடப்போற பணத்தையும், இனி வரப்போற சீட்டையும் மட்டும்தான்.

ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுன்னு 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. அப்புறம், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவா இருந்தாலும் ஆன்லைன்ல பணம் கட்டி ஆடற ஆட்டத்தை யாரும் நடத்தக்கூடாதுன்னு 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட் சட்டம் போட்டுடுச்சு. எனக்கு அதுக்கு முன்னாடியே தெளிஞ்சு போச்சு. போக்கர்ல திறமை இருக்கு, சத்தியமா இருக்கு. ஆனா எப்போ எழுந்திருக்கணும்னு தெரியறதும் அந்தத் திறமையில ஒரு பகுதி. அது எங்கிட்ட இல்லை. புளியங்கொட்டை வெச்சு ஆடினா அந்தக் குறைக்கு புளியங்கொட்டைதான் போகும். ஃபீஸ் பணம் வெச்சு ஆடினா?

அப்போ இருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிளாஸ் கழுவறது நான்தான். 2,400 ரூபாயை கழிச்சு முடிச்சாச்சு, இருந்தும் போறேன்.

போன பௌர்ணமி. ராத்திரி பத்து மணி. வானம் கறுத்துக்கிட்டு வருது. அப்பா என்னைப் பார்த்து, "இன்னொரு கேன் சொல்லட்டுமா?"ன்னார். முதல் தடவையா எங்கிட்ட கேட்கிறார்! நடந்து வந்தவங்ககிட்ட, "அண்ணே, அடி அண்ணாமலைகிட்ட கூட்டம் இருக்காங்க?"ன்னு விசாரிச்சேன். "காலியாத்தான் இருக்குப்பா"ன்னாங்க. தூறலும் ஆரம்பிச்சுடுச்சு. "வேணாம்ப்பா"ன்னேன்.

ஒரு மணிக்கு மழை விட்டுச்சு. எங்கேயோ ஒதுங்கி நின்ன ஜனம் மொத்தமா வந்து இறங்கிச்சு. பால் இல்லை. வந்தவங்க எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போறாங்க. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

அப்பா கிளாஸைத் துடைச்சுக்கிட்டே சொன்னார். "பத்து மணிக்கு நீ கேட்டு, பார்த்துச் சொன்னது சரிதான்டா. மழை விடும்னு உனக்கென்ன ஜோசியமா தெரியும்? அடுத்த மாசமும் நீயே சொல்லு."