மூடி வீங்கிய கதை

செய்தியாளனாக நான் இழைத்த தவறுகளுள் ஒன்று இன்றும் உறுத்துகின்றது. கொழும்பில் ஒரு சில்லறைக் கடை வாசலில், வெயிலில் அடுக்கியிருந்த மென்பானப் பேணிகள் சிலவற்றின் மூடி மேல்நோக்கிப் புடைத்திருக்கக் கண்டேன். பழுதான மீன் ரின் வீங்கும் என்பது மட்டுமே அப்போது எனக்குத் தெரியும். "வெயிலுக்கு அப்பிடித்தான் ஐயா" என்றார் முதலாளி. சாக்குச் சொல்கிறார் என நினைத்தேன். 'பழுதடைந்த பானம் விற்பனை' என்று நான்கு வரி எழுதினேன், அச்சிலும் வந்தது.

பல ஆண்டுகளின் பின்னரே அம்மூடியைப் பற்றிப் படித்தேன். விளிம்பை ஒட்டி ஒரு வளையப் பள்ளம் ஓடுகிறதல்லவா, அது அழகுக்கானதன்று. உள்ளிருந்து காபனீரொட்சைட்டு தள்ளும்போது மெல்லிய அலுமினியத் தகடு நெளியாமல் நிற்பது அதனால்தான். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 90 இறாத்தல் வரை மூடி தாங்கவேண்டும் என்பது அத்தொழிலில் வழக்கமான அளவு. சூடேறினால் கரைந்திருந்த வாயு வெளியேறி அழுத்தம் ஏறும். எல்லை கடந்ததும் பள்ளம் ஓரிடத்தில் பிதுங்க, மூடி நொடியில் வெளிப்புறம் புரண்டுவிடும். அதற்குக் கிருமி வேண்டியதில்லை.

பள்ளத்தை ஆழமாக்கி ஒடுக்கினால் பலம் கூடும். மூடியையே சிறிதாக்குவது இன்னொரு வழி. 2 11/16 அங்குல விட்டம் 2 2/16 ஆனபோது பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. தகட்டையும் மெல்லிதாக்க முடிந்தது. (பேணியின் கழுத்து ஒடுங்கியது இதனால். நான் அதை நாகரிகம் என்றே எண்ணியிருந்தேன்.)

ஒருநாள் அக்கடையைத் தேடிச் சென்றேன். அவ்விடத்தில் கைத்தொலைபேசிக் கடையொன்று இருந்தது. முன்னைய முதலாளி எங்கே போனார் என்பது அங்கு நின்ற பையனுக்குத் தெரியவில்லை.