லெம்பா பந்தாயில் ஒரு வாரம்

தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்திற்குப் போகிறது என்றால், அது ஒரு வீட்டுக் காரியமன்று. லயமே கூடி வழியனுப்பும் காரியம். என் தம்பி மகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்க இடம் கிடைத்தபோது அப்படித்தான் நடந்தது. கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். அண்டை வீட்டார் முறுக்கு டின் கொண்டுவந்தார்கள். கையில் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று திணித்தார்கள். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, தம்பி, அவன் மனைவி, பிள்ளை, நான் ஆக நால்வரும் பேராவிலிருந்து வாடகை வேனில் புறப்பட்டோம்.

கோலாலம்பூருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் நடுவே, லெம்பா பந்தாய்ப் பகுதியில் இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். 1949இல் சிங்கப்பூரில் தொடங்கி, 1959இல் கோலாலம்பூரிலும் கிளை கண்டு, 1962 ஜனவரி முதல் நாள் தனிப் பல்கலைக்கழகமாக நிலைபெற்றது. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானே அதன் முதல் வேந்தர்.

புதிய மாணவர்களை வரவேற்கும் வாரத்தை அங்கே 'மிங்கு ஹாலுவான் சிஸ்வா' என்கிறார்கள். முதல் நாள் தங்கும் விடுதியில் பதிவு. மூத்த மாணவர்கள் ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். செம்பனைக் குலை வெட்டிக் காய்ப்பேறிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான் தம்பி. "உள்ளே போகலாமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டான். வாசலில் இருந்த காவலர் சிரித்துக்கொண்டே, "மாசுக், பாக்சிக்" என்றார். அதன் பிறகே காலெடுத்து வைத்தான்.

மாலையில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பினோம். தஞ்சோங் மாலிம் தாண்டும் வரை வேனில் யாரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் இரவு என் கைப்பேசி அடித்தது.

"அத்தை, அப்பாகிட்ட சொல்லாதீங்க. என்னை வந்து கூட்டிக்கிட்டுப் போயிடச் சொல்லுங்க."

முன்னுக்குப் பின் முரணாகப் பேசும் பிள்ளையல்லள் அவள். என்னவோ ஏதோ என்று பதறிப்போனேன். யாராவது பகடிவதை செய்தார்களா என்று கேட்டேன். இல்லையாம், எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்களாம். விடிகாலையில் எழுவதும் அவளுக்குக் கஷ்டமில்லை. தோட்டத்தில் பிறந்தவளுக்கு ஐந்து மணி என்ன புதிதா? பிறகு என்னதான் காரணம்?

விம்மி விம்மிச் சொன்னாள். குழுவில் ஒவ்வொருவரும் எழுந்து தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தியின் தந்தை மருத்துவர், ஒருவனின் தாய் வழக்கறிஞர். இவள் முறை வந்தபோது, பக்கத்துப் பட்டணத்தின் பெயரை மட்டும் சொன்னாளாம். தோட்டத்தின் பெயர் வாயில் வரவில்லை. "அப்பா என்ன வேலை?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "கம்பெனியில வேலை" என்று சொல்லிவிட்டாளாம்.

"பொய் சொல்லிட்டேன் அத்தை. அப்பா முகத்துல எப்படி முழிப்பேன்? இது நம்ம இடமே இல்லை."

அந்தக் கடைசிச் சொல்தான் என்னைத் தைத்தது. அவளுக்கு ஒரு கதை சொன்னேன், கதையன்று, நடந்தது.

1950களின் நடுவில் அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தது. அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். வசதி படைத்தவர்கள் மட்டுமல்லர், அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்களும் சிறுசிறு தொகையாகக் கொடுத்தார்கள். 1956இல் துறை தமிழோடு அமைந்தது. பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. அந்த நிதி தமிழ் நூல்கள் சேரத் துணைநின்றது.

என் தகப்பனார் அப்போது பால்மரம் வெட்டும் இளைஞர். பெரட்டுக்களத்தில் நின்று ஒரு வெள்ளி கொடுத்ததாக அடிக்கடி சொல்வார். "நாம படிக்காட்டியும் நம்ம காசு அங்கே படிச்சுக்கிட்டு இருக்கு" என்பார்.

"இப்ப சொல்லு கண்ணு, அது யார் இடம்? நாளைக்கு நூலகம் காட்டுவாங்க இல்லையா? தமிழ்ப் புத்தகம் எங்கே இருக்குன்னு கேளு. கேட்டுப் பார்த்துட்டு எனக்குச் சொல்லு. அப்புறமும் வரணும்னா நானே வந்து கூட்டிக்கிட்டு வர்றேன்."

மறுநாள் அழைப்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மனம் கேளாமல் நாங்களே போனோம்.

வாசலுக்கு வந்து அழைத்துக்கொண்டவள் முன்னே நடந்தாள், நாங்கள் பின்னே. நாங்கள் கொண்டுபோய் விட்ட பிள்ளை எங்களுக்கு வழிகாட்டினாள்! ஏரியைக் காட்டினாள். பட்டமளிப்பு நடக்கும் துங்கு வேந்தர் மண்டபத்தைக் காட்டினாள். 2001இல் தீக்கு இரையாகி மீண்டும் எழும்பிய மண்டபம் அது. தம்பி மனைவி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்! நூலகத்தின் வெளியே நின்று, "உள்ளே தமிழ் நூல்கள் அடுக்கடுக்கா இருக்கு அத்தை. எடுத்துப் பிரிச்சுப் பார்த்தேன்" என்றாள்.

பிறகு 'ரிம்பா இல்மு' என்னும் தாவரத் தோட்டத்திற்குப் போனோம். 'அறிவுக் காடு' என்று பொருள். 1974இல் ஏற்பட்டது, 80 ஹெக்டர் பரப்பு. "அப்பா, இது முன்னே ரப்பர்த் தோட்டமாம்" என்றாள். தம்பி குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தான். "அப்படின்னா இதுவும் நம்ம வேலைக்காடுதான்" என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினாள். நானும் தம்பி மனைவியும் சற்று முன்னே நடந்துவிட்டோம்.

திரும்பும் வழியில் தம்பி சொன்னான்: நூலகம் பார்த்த நாளன்று, குழுவில் தானாக எழுந்து, "என் அப்பா தோட்டத் தொழிலாளி" என்று திருத்திச் சொன்னாளாம். கூட்டம் கலைந்ததும் இரண்டு பேர் வந்து, தாங்களும் தோட்டத்துப் பிள்ளைகள் என்றார்களாம்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளையும் நாளை இப்படிப் புறப்படலாம். அழைப்புக் கடிதம், அடையாளக் கார்டு நகல், சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக் கொடுங்கள். கல்விக் கடன் முதல் வாரத்திலேயே கைக்கு வராது. செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தனுப்புங்கள். பகடிவதை விதிக்குப் புறம்பானது. நடந்தால் அஞ்சாமல் விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் அழுகை வந்தால் உடனே வேன் பிடிக்காதீர்கள். முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்.

தோட்டத்தின் பெயரையும் சொல்லி அனுப்புங்கள். அதைத் தலைநிமிர்ந்து சொல்லும் பிள்ளைக்கு எந்த வாசலும் அந்நியமாகாது.