குடும்பத்தை விசாரித்த மருத்துவர்

1962ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பயிற்சி மருத்துவராக இருந்த ஹென்றி லிஞ்ச், மிகைக் குடியின் விளைவுகளிலிருந்து தேறிவந்த ஒரு நோயாளியைச் சந்தித்தார். ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டபோது, தம் குடும்பத்தில் எல்லோரும் புற்றுநோயால்தான் இறக்கிறார்கள், தமக்கும் பெருங்குடலில் அதுவே வரும், அதனால் குடிப்பதாகச் சொன்னார் அவர். குடிகாரரின் புலம்பலென்று அதை ஒதுக்கியிருக்கலாம். பதினாறு வயதில் வயதை மறைத்துக் கடற்படையில் சேர்ந்தவர், பிறகு குத்துச்சண்டை வீரர், அதன்பின் மரபியல் பயின்று மருத்துவத்துக்கு வந்தவர் லிஞ்ச். அவர் அந்தச் சொல்லை நம்பினார்.

நம்பியதோடு நிற்கவில்லை என்பதே முக்கியம். சமூகப் பணியாளர் ஆன் கிரஷ்ஷுடன் சேர்ந்து உறவினர்களை ஒவ்வொருவராகத் தேடி விசாரித்தார். அவர்கள் கூறியதை மருத்துவ ஆவணங்களோடு ஒப்பிட்டார். நெப்ராஸ்கா, மிச்சிகன் மாநிலங்களின் இரு குடும்பங்களைப் பற்றிய கட்டுரை 1966இல் வெளியானது. மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்தின் 1895இல் தொடங்கிய ஆய்வும் பின்னர் இவர் கைக்கு வந்தது. அதுவும், தன் குடும்பத்தாரைப் போலவே தானும் புற்றுநோயால் இறப்பேன் என்ற ஒரு தையற்காரப் பெண்ணின் சொல்லில் தொடங்கியதுதான். அவ்வாறே அவர் இறந்தார்.

ஆயினும் நிதி விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. ஒரே கூரை, ஒரே உணவு, ஒரே நீர். சூழலே காரணமாக இருக்கலாமே என்றனர் மதிப்பீட்டாளர்கள். அது மூடத்தனமான ஐயமன்று. குடலில் நூற்றுக்கணக்கான சதைமொட்டுகள் தோன்றும் மற்றொரு பரம்பரை நோயில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் உண்டு. இதில் அப்படி எதுவுமில்லை. வம்சாவளி வரைபடங்கள் மட்டுமே லிஞ்சின் சான்று. கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி அவற்றைச் சேர்த்துக்கொண்டே போனார்.

1993இல் எம்எஸ்எச்2, 1994இல் எம்எல்எச்1 என்ற மரபணுக்கள் கண்டறியப்பட்டன. செல் பிரியும்போது டிஎன்ஏ நகலில் நேரும் எழுத்துப்பிழைகளைத் திருத்துபவை அவை. பழுதுபட்ட பிரதி பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. முதல் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 27 ஆண்டுகள். விண்ணப்பங்களை நிராகரித்தவர்களுள் எத்தனை பேர் தம் குறிப்புகளைத் திரும்பப் படித்தார்களோ!

லிஞ்ச் 2019 ஜூனில், 91ஆம் வயதில் மறைந்தார். அந்நோய் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஒருவரிடம் அது உறுதியானால் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் மரபணுச் சோதனைக்கு அழைக்கப்படுகிறார்கள். பழுதைப் பெற்றவர்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி செய்துகொள்கிறார்கள். சதைமொட்டு புற்றாகுமுன் அகற்றப்படுகிறது. 1962இல் அந்த நோயாளிக்குக் கொடுக்க லிஞ்சிடம் இவற்றில் ஒன்றுகூட இருக்கவில்லை.