செல்லாப் பணம்

செல்லாத பணத்தைத் தேடிச் சேர்ப்பவரைக் கண்டால் உலகம் நகைக்கும். அந்த நகைப்புக்கு நாம் என்றோ பழகிவிட்டோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாம் கைப்பற்றிய நாடுகளில் புழங்கவிட்ட நோட்டுகளைப் பல்லாண்டுகளாகச் சேர்த்து வருகிறோம். அவற்றிலுள்ள ஆங்கில எழுத்தே ஊரைச் சொல்லிவிடும். 'எம்' என்று தொடங்கினால் மலாயா. 'பி' என்றால் பர்மா. 'ஓ' என்றால் நியூகினி, சாலமன் முதலிய பசிபிக் தீவுகள்.

ஓசூரில் இவை எப்படிக் கிடைக்கும் என்று வாசகர் வினவலாம். தொழிற்பேட்டை எழுந்தபின் பிழைப்பை நாடித் தமிழகத்தின் பல மூலைகளிலிருந்தும் குடும்பங்கள் இங்கு வந்தன. நாகூரிலும் கடையநல்லூரிலும் இருந்து வந்தோரின் பழம்பெட்டிகளில் அக்கரைச் சீமையும் உடன் வந்தது.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பத்து டாலர் நோட்டில் வாழைமரம் பொறித்திருந்ததால் மக்கள் அதை வாழைமர நோட்டு என்றனர். கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பானிய அரசு அதில் வாக்களித்திருந்தது. வரிசை எண்கூட இல்லாமல் நோட்டுகள் அச்சாகிக் குவிந்தன. விலைவாசி விண்ணை முட்டியது. 1945-இல் திரும்பிவந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் அவை செல்லா என்றது. போர்க்காலக் கடன்களை மதிப்பிட 1948-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. கடனும் அமானிதமும் மறுமைவரை தொடரும் பொறுப்புகள் என நம்பும் நம்மவர்க்கு அந்நாட்கள் எத்துணைச் சோதனையாய் இருந்திருக்கும்!

எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் துணியில் சுற்றிய கட்டொன்றை நம்மிடம் கொண்டுவந்தார். "தம்பி, எங்க வாப்பா பினாங்குக் கடையிலே சம்பாதிச்சது. பேத்தி கல்யாணத்துக்கு உதவுமா?" என்றார். எங்கும் மலிந்து கிடக்கும் நோட்டுகள் அவை. சேகரிப்போரிடமும் பெரிய விலை பெறா. உண்மையைச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், "அப்ப வாப்பா உழைச்சதும் பொய்யா?" என்றார்.

"உழைப்பு மெய்தான் பெரியம்மா, வாக்குத்தான் பொய்த்தது" என்றோம். அக்கட்டை வாங்க நமக்கு மனம் வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல, தந்தையின் பெயர், கடை இருந்த தெரு, கப்பலேறிய ஆண்டு அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, நோட்டுகளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தோம்.

அன்பர்களே, உங்கள் இல்லப் பெட்டியிலும் அத்தகைய தாள் கிடக்கக்கூடும். விலை கேட்குமுன், அதை ஈட்டியவர் யாரென்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நோட்டு இன்னும் பல காலம் இருக்கும். சொல்வதற்கு அவர்கள் இருக்க வேண்டுமே!