சீட் கவர்

சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டில் காத்து நின்றே வளர்ந்தவன் நான். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலை எங்கள் ஊரில்தான் பிரிகிறது. பிரிந்ததுமே தண்டவாளம். மேம்பாலம் வருவதற்கு முந்தைய காலத்தில் கேட் போட்டுவிட்டால் இரண்டு மின்சார ரயிலும் ஒரு கூட்ஸும் போகும்வரை யாரும் நகர முடியாது. நான் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது அந்த வரிசையில் ஒரு புது வகை வண்டி வந்து சேர்ந்தது. இரண்டு அடுக்கு வைத்த நீள டிரெய்லர். மேலும் கீழுமாக, நம்பர் பிளேட் இல்லாத புதுக் கார்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை தொடங்கிய பிறகு அது அன்றாடக் காட்சியாகிவிட்டது.

கல்லூரி பஸ்ஸின் ஜன்னல் சீட்டில் இருந்து அந்தக் கார்களை எண்ணுவது எனக்குப் பொழுதுபோக்கு. முதலில் நிஸான் மைக்ரா. 2012-ல் ரெனோ பல்ஸ் வந்தது. இரண்டும் ஒரே கார். முகத்தையும் முத்திரையையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். அதே வருஷம் நிஸான் சன்னிக்கு ஜோடியாக ரெனோ ஸ்காலா. எங்கள் வீட்டில் ஒரே துணியில் எனக்கும் சித்தப்பா பையனுக்கும் சட்டை தைப்பார்கள். அவனுக்குப் பட்டன் மட்டும் வேறு நிறம். அந்த மாதிரி.

அப்பா அரசு பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் கதவை ஒருமுறை திறந்து மூடுவார். அந்தச் சத்தம்தான் அவருக்கு விமர்சனம். "வண்டின்னா கொஞ்சம் கனம் வேணும்டா" என்பார். ரிட்டயர்மென்ட் பணத்தில் கார் வாங்கலாம் என்று நாங்கள் பேச ஆரம்பித்த நேரத்தில், 2015 செப்டம்பரில், ரெனோ க்விட் வந்தது. ஆரம்ப விலை சுமார் 2.57 லட்சம். 799 சிசி, எடை 660 கிலோ சொச்சம். பார்க்கச் சின்ன ஜீப் மாதிரி நிமிர்ந்து நின்றது. உதிரிபாகங்களில் 98 சதவீதம் உள்நாட்டில் செய்தது என்று சொன்னார்கள். எங்கள் ஊர்க் கேட்டைத் தாண்டிப் போகிற கார். ஊரே புக் செய்தது.

அப்பா ஷோரூமில் கதவைத் திறந்து மூடினார். ஒன்றும் சொல்லவில்லை. சக்கரத்தைக் காட்டி, "மூணே போல்ட்டுதான் இருக்கு" என்றார். நான் இன்ஜினியர் அல்லவா, விளக்கம் சொன்னேன். எடை குறைந்த வண்டிக்கு மூன்று போதும், தேவைக்கு மேல் போட்டால் அது வீண் செலவு என்று. அவர் தலையாட்டினார். பையன் படித்தவன்.

வேரியன்ட் தேர்ந்தெடுத்ததும் நான்தான். மேல் வேரியன்டில் டச் ஸ்கிரீன் இருந்தது. அதற்கும் ஒருபடி மேலே, கூடச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால், ஓட்டுபவருக்கு மட்டும் ஒரு ஏர்பேக். "வேணுமா சார்?" என்றார் விற்பனையாளர். "நாம என்ன நூத்திருபதுலயா போகப் போறோம்? செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும்தானே" என்றேன் அப்பாவிடம். மிச்சமான பணத்தில் பழுப்பு நிற ரெக்ஸின் சீட் கவர் போட்டோம். நாலு மாதம் காத்திருந்து வண்டி எடுத்தோம். பாடலாத்ரி நரசிம்மர் கோவில் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அங்கே பெருமாள் குன்றோடு ஒட்டிய குடைவரையில் இருக்கிறார். அவரைச் சுற்ற வேண்டுமென்றால் குன்றையே சுற்ற வேண்டும். அம்மா சுற்றிவிட்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்து, கவரைத் தடவிப் பார்த்தார். "மெத்து மெத்துன்னு இருக்கு."

அந்த மே மாதம் குளோபல் என்கேப் சோதனை முடிவு வந்தது. மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆபீஸ் மேசையில் அந்த வீடியோவைப் பார்த்தேன். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் கார் தடுப்பின் மேல் மோதுகிறது. க்விட்டின் மூன்று வகைகளைச் சோதித்திருந்தார்கள். மூன்றுக்கும் பூஜ்யம். ஏர்பேக் வைத்ததற்கும் பூஜ்யம்தான். அமைப்பில் மாற்றம் செய்த பிறகு, செப்டம்பரில் மறுபடி சோதித்தபோது ஒரு நட்சத்திரம்.

வீடியோவை நான் மூன்று தடவை பார்த்தேன். பொம்மையின் தலை ஸ்டீயரிங்கை நோக்கிப் போகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான் வேண்டாமென்று சொன்ன ஏர்பேக், ஓட்டுபவருக்கு உரியது. எங்கள் வீட்டில் ஓட்டுபவர் அப்பா. ஏர்பேக் இருந்திருந்தாலும் அன்றைய சோதனையில் பூஜ்யம்தானே என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். முடிவு வருமுன்பே வேண்டாமென்று சொன்னவனுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அப்பாவிடம் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் சொல்லவில்லை.

வண்டி மேல் குறையே கிடையாது. ஒருநாளும் எங்களை நடுவழியில் விட்டதில்லை. என் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்கப் போனது, என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்தது, எல்லாம் அதில்தான். அதனால்தான் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

*

2025 செப்டம்பர் 22-ல் சின்னக் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. பெட்ரோல் கார்களுக்கு அதுவரை செஸ்ஸோடு சேர்த்து 29. வீட்டில் பெரிய கார் பேச்சு எழுந்தது. அம்மாவுக்கு மூட்டு வலி. தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழுவது சிரமம். மகளுக்குத் தனி சீட் மாட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்து, எங்கள் க்விட்டையும் அதன் பெரிய உறவுக்காரர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.

உறவு என்பதை நேரான பொருளில்தான் சொல்கிறேன். ரெனோவும் நிஸானும் 2013-ல் ஒரு முறையை அறிவித்தன. காரை ஐந்து பெரிய பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது: என்ஜின் அறை, ஓட்டுநர் முன்பகுதி, அடித்தளத்தின் முன்பாதி, பின்பாதி, மின்னணு அமைப்பு. இவற்றை மாற்றி மாற்றிக் கோத்தால் வேறு வேறு கார்கள். இந்த முறையில் மிகச் சிறிய அளவுக்கு சிஎம்எஃப்-ஏ என்று பெயர். க்விட்டும் டாட்சன் ரெடி-கோவும் அதில் பிறந்தவை. அதையே கொஞ்சம் நீட்டிப் பலப்படுத்திய சிஎம்எஃப்-ஏ பிளஸ்ஸில் 2019-ல் ரெனோ ட்ரைபர், 2020 டிசம்பரில் நிஸான் மேக்னைட், 2021-ல் ரெனோ கைகர். எல்லாம் ஒரகடம்தான். நாங்கள் மென்பொருளில் ஒரே கோடை எடுத்துப் பத்து வாடிக்கையாளருக்குப் பத்து விதமாகச் செய்து கொடுக்கிறோமே, அதேதான்.

பெரிய கார் எவ்வளவு பெரியது? 2015 க்விட்டின் நீளம் 3,679 மில்லிமீட்டர். மேக்னைட் 3,994. ஓர் அடிதான் வித்தியாசம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் 2,422-லிருந்து 2,500. நாலு விரற்கடை. அகலத்தில்தான் விஷயம் இருக்கிறது: 1,579-லிருந்து 1,758. கிட்டத்தட்ட ஒரு சாண். பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்காமல் இருப்பது அந்த ஒரு சாணால்தான்.

3,994 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. 2006 மத்திய பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட கார்களுக்கு, என்ஜின் அளவுக்கும் ஒரு வரம்பு வைத்து, கலால் வரியைக் குறைத்தார்கள். அதற்குப் பின் வந்த ஜி.எஸ்.டி.யிலும் அந்த நான்கு மீட்டர் கோடு அப்படியே தொடர்கிறது. இன்றும் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40. அதனால் கைகர் 3,991, ட்ரைபர் 3,990. ஏழு பேர் உட்காரும் ட்ரைபர்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. ஏழு சீட்டும் நிமிர்ந்திருந்தால் டிக்கியில் 84 லிட்டர்தான் மிச்சம், ஸ்கூல் பேக் வைக்கலாம். நம் ஊரில் "பெரிய கார்" என்று விற்பதில் பாதி, வரிக்கோடு வரை இழுத்து வளர்த்த சின்னக் கார்.

நான் தேடியது இதற்கு அடுத்த வரிசை. கைகருக்கும் மேக்னைட்டுக்கும் 2022-ல் குளோபல் என்கேப் 4 நட்சத்திரம். ஆறு ஏர்பேக் வைத்த புதிய மேக்னைட்டுக்கு 2025-ல், பெரியவர்கள் பாதுகாப்பில், 5. அதே வம்சத்து அடித்தளம், அதே ஆலை. ஓர் அடி நீளமும் ஒரு சாண் அகலமும் கூடியதற்கா பூஜ்யம் ஐந்தானது? எடையும் ஒரு டன்னை நெருங்கிவிட்டதே, அப்பா சொன்ன கனம் இதுதானா? இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது பிரேசில் க்விட் கண்ணில் பட்டது. 2017-ல் அங்கே விற்பனைக்குப் போனபோது உடலைப் பலப்படுத்தி, கனத்தைக் கூட்டி, நாலு ஏர்பேக்கையும் கட்டாயமாகவே கொடுத்தார்கள். லத்தீன் என்கேப் சோதனையில் 3 நட்சத்திரம். அதே பெயர், அதே சின்னக் கார்.

ஆகவே சின்னக் கார் என்றால் இவ்வளவுதான் என்பது உண்மையில்லை. எங்கே எவ்வளவு போதும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2019 ஜூலையில்தான் இங்கே ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது, 2022-ல் பக்கத்து சீட்டுக்கும். அதற்கு முன் அந்தக் கணக்கை வாங்குகிறவனிடமே விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் வாங்கியவன் நான். நானும் அதே கணக்கைத்தான் போட்டேன்.

*

மேக்னைட்டை ஓட்டிப் பார்த்தோம். அப்பா கதவை மூடிப் பார்த்து, "ம்" என்றார். அம்மா குனியாமல் ஏறி உட்கார்ந்தார். முடிவாகிவிட்டது. பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாம் என்றேன். அன்று இரவே தம்பி போன் செய்தான்.

தம்பி என்றால் சித்தப்பா பையன், வேறு பட்டன் சட்டைக்காரன். ஒரகடம் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறான். கார்க் கதவின் உள்பக்கம் வருகிற பிளாஸ்டிக் அவன் கையால்தான் போகிறது. "சின்ன வண்டி, பெரிய வண்டி எல்லாம் ஒரே டேபிள்தாண்ணா. மோல்டு மாத்துவாங்க, சம்பளம் மாத்த மாட்டாங்க" என்று சிரிப்பான். வல்லக்கோட்டைப் பக்கம் வாடகை வீடு. நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்புவான். விடுமுறை நாளில் அதே பைக்கில் டேங்க் மேல் பையன், பின்னால் மனைவி, அவள் மடியில் கைக்குழந்தை. ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கிற டிரெய்லர்களை ஒட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

"ண்ணா, கடைக்காரன் என்ன குடுக்கறானோ அதையே நான் குடுக்கறேன். ரெண்டு தவணையா. எனக்கே குடுத்துடு."

நான் பதில் சொல்லாமல் இழுத்தேன். என் குழந்தைக்கு ஆகாது என்று முடிவு செய்த வண்டியை அவன் குழந்தைகளுக்கு எப்படிக் கொடுப்பது? கொடுக்காவிட்டால் அவர்கள் பைக்கில் வருவார்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். பைக்குக்கு நட்சத்திரம் போட்டு வைக்கிற சோதனை எதுவும் இல்லை. மேக்னைட்டிலிருந்து பார்த்தால் க்விட் பூஜ்யம். பைக்கிலிருந்து பார்த்தால் நாலு கதவும் ஒரு கூரையும். இரண்டும் உண்மை. என் லேப்டாப் அட்டவணையில் பைக்குக்கு ஒரு பத்தி நான் போட்டிருக்கவே இல்லை.

அப்பாவிடம் கேட்கலாம் என்று போனேன். கேட்கப் போனவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏர்பேக், பூஜ்யம், வீடியோ, ஒன்பது வருஷம். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தினி வருஷம் பஸ் ஓட்டினேனே, எனக்கு பெல்ட்டே கெடையாது. முன்னாடி கண்ணாடிதான். பின்னாடி அறுபது பேரு. அந்த பயத்துலயே ஓட்டினேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீ சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா பைபாஸ்ல உங்கம்மாவ கூட்டிட்டு அவ்ளோ தடவ போயிருக்க மாட்டேன்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

தம்பி வண்டி எடுக்க வந்த நாளில் நான் அந்த வீடியோவை அவனுக்குக் காட்டினேன். பார்த்தான். "பைக்க இடிச்சா வீடியோ எடுக்கறதுக்குக்கூட ஒண்ணும் மிஞ்சாதுண்ணா" என்றான். ஆனால் இரண்டாவது முறையும் போடச் சொல்லிப் பார்த்தான்.

வெளியே கிழிகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அப்பா காரின் பின்கதவைத் திறந்து வைத்து, சீட் கவரை உருவிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்தில் ரெக்ஸின் இறுகிப்போய் வர மறுத்தது. கத்தியால் தையலை அறுத்தார். அடியில் தூசி, ஒரு கொலுசு மணி, மகளுடைய மிட்டாய்க் காகிதம். கவருக்குள் புதைந்து போயிருந்த பின்சீட் பெல்ட் கொக்கிகளைத் தேடித் தேடி வெளியே எடுத்தார். நாங்கள் ஒருநாளும் போட்டதில்லை. அவை இருந்ததையே மறந்திருந்தோம்.

"டேய், பையன கூப்புடு" என்றார் தம்பியிடம். பையன் ஏறி உட்கார்ந்தான். அப்பா பெல்ட்டை இழுத்து மாட்டினார். முதல் தடவை மாட்டவில்லை. ஊதித் தூசியைத் தட்டிவிட்டு மறுபடி அழுத்தினார். 'கிளிக்' என்றது.

"இது இல்லாம வண்டிய எடுக்கக்கூடாது. நாப்பதுக்கு மேல போகக்கூடாது. ஒரகடம் ரோட்டுல ராத்திரி எடுக்கவே கூடாது."

"சரி பெரிப்பா."

அப்பா கதவை மூடினார். பிறகு, பழக்கத்தில், ஒருமுறை திறந்து மறுபடி மூடிப் பார்த்தார்.